வட்டியும் வட்டமும்

மே மாதத்தில் சதுரங்கப்பட்டினம் குப்பத்துக்குப் போய் வஞ்சிரம் விலை கேட்பவர்களில் பாதிப் பேர், கேட்டுவிட்டுக் காரப்பொடி மீன் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். நானும் அந்தப் பாதியில் ஒருவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரைக்கு மீன்பிடித் தடைக்காலம். தடை விசைப்படகுகளுக்குத்தான், இந்தக் கரையில் நிற்கும் சிறிய ஃபைபர் படகுகள் கடலுக்குப் போகலாம். ஆனால் காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டப்பட்டுவிட்டால், சென்னையின் மீன் பசி முழுவதும் இந்தச் சின்னப் படகுகளைத் தேடி வந்துவிடும். விலை ஏறும்.

"என்னம்மா, போன மாசம் இவ்ளோ இல்லையே?" என்று கேட்டேன். கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போட்டு கடல்ல எறங்கட்டும் தம்பி, வெலயும் எறங்கும்."

அவர் சொன்னபடியே ஜூன் கடைசியில் இறங்கியது. ஆகவே அது விலையேற்றம், பணவீக்கம் ஆகாது. வஞ்சிரம் குறைவாகக் கிடைத்தது, வஞ்சிரத்தின் மதிப்பு கூடியது, அவ்வளவுதான். டீசல், வலை, ஐஸ் கட்டி, அரிசி, பால், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் என்று எல்லாம் சேர்ந்து ஏறி, ஏறியது இறங்காமல் அடுத்த ஏற்றத்துக்குப் படிக்கட்டாக மாறும்போதுதான் பணவீக்கம் என்கிறோம். அப்போது மதிப்பு மாறியது பண்டங்களுக்கு அன்று. மடியில் முடிந்து வைத்திருக்கும் ரூபாய்க்கு.

அந்த இழப்பு எல்லாருக்கும் ஒரே அளவாக வருவதில்லை. குப்பத்திலிருந்து கல்பாக்கம் அணுசக்தி நகரியம் கூப்பிடு தூரம். நகரியத்தில் வசிக்கும் மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டில் இரண்டு முறை, ஜனவரிக்கும் ஜூலைக்குமாக, அகவிலைப்படி திருத்தப்படுகிறது. தொழிலாளர்களுக்கான விலைக் குறியீடு ஏற ஏறப் படியும் ஏறும். கூடைக்காரம்மாவுக்கு எந்தக் கடல் அகவிலைப்படி கொடுக்கும்? பணவீக்கம் சட்டமன்றம் போடாத வரி என்றால், அதை முழுசாகக் கட்டுகிறவர் அவர்தான். அந்த வரியைக் குறைக்கும் பொறுப்பு மும்பையில் ஒரு கட்டடத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஆறு பேரிடம் இருக்கிறது. அவர்கள் கையில் வலை இல்லை, படகு இல்லை, வயல் இல்லை. வட்டி ஒன்றுதான் இருக்கிறது. அதை வைத்து எப்படி விலையைப் பிடிக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், குப்பத்தை ஒட்டி நிற்கும் கோட்டைக்குள் ஒரு முறை போய் வந்துவிடலாம்.

*

செங்கல் கோட்டை. இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் டச்சுக்காரர்களின் கல்லறைகள். பலகைக் கற்களில் அத்தனை நுணுக்கமான செதுக்கு வேலை. இவர்கள் 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்கள். இந்தக் கரையில் நெய்த துணியை வாங்கி, இந்தோனேசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய், மிளகும் கிராம்பும் சாதிக்காயும் மாற்றி வருவார்கள். துணிக்கு ஈடாகத் தர அவர்கள் நாட்டுச் சரக்கு எதையும் இங்கே யாரும் பெரிதாக விரும்பவில்லை. பொன்னும் வெள்ளியும்தான் கேட்டார்கள். ஜப்பானிலிருந்துகூட வெள்ளியும் பொன்னும் இந்தக் கரைக்கு வந்தன. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் சொந்தமாக அக்கசாலை வைத்து நாணயம் அடித்தார்கள்.

நாணயம் அடித்துவிட்டால் போதுமா? ஊருக்கு ஊர் வராகன் வேறு, பொன்னின் மாற்று வேறு. சென்னையில் ஆங்கிலக் கும்பினிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். நாம் பொதுவாகச் சொல்லும் 'பணம்' அப்போது ஒரு குட்டி நாணயத்தின் பெயர் என்பதைக் கவனியுங்கள். வெளியூர் வராகனைக் கொண்டுபோனால் காசுக்கடைக்காரர் உரசிப் பார்ப்பார், எடை போடுவார், 'வட்டம்' பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். வட்டம் என்றால் கழிவு. அந்த நாணயத்தின்மேல் சந்தைக்கு இருக்கும் சந்தேகத்தின் விலை. வட்டி கடனுக்கு, வட்டம் நாணயத்துக்கு. இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும். மத்திய வங்கியின் கதையே அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

ஆம்ஸ்டர்டாமிலும் இதே தொல்லைதான். தேய்ந்ததும் சுரண்டியதுமாக எத்தனையோ நாட்டு நாணயங்கள் புழங்கின. 1609இல் அந்த நகராட்சி ஒரு வங்கி தொடங்கியது. நாணயத்தைக் கொடுத்தால், அதன் உண்மையான உலோக மதிப்பை உங்கள் பெயரில் பேரேட்டில் எழுதிக்கொள்ளும். வணிகர்கள் பேரேட்டுக் கணக்கிலேயே ஒருவருக்கொருவர் பணம் மாற்றிக்கொள்வார்கள். அந்தப் பேரேட்டுப் பணத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை. கையில் புழங்கும் நாணயத்தைவிட 4, 5 சதவீதம் கூடுதல் விலைக்குப் போனது. வட்டம் தலைகீழாக விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரேட்டில் எழுதிய ஒவ்வொரு கில்டருக்கும் நிலவறையில் உலோகம் இருப்பதாக ஆம்ஸ்டர்டாமில் எல்லாரும் உறுதியாக நம்புகிறார்கள் என்று ஆடம் ஸ்மித் 1776இல் எழுதினார்.

நிலவறையில் உலோகம் அவ்வளவு இல்லை. வங்கி சத்தமில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டிருந்தது கோட்டைக்குச் சொந்தக்காரரான அதே கம்பெனி. கப்பல் வந்ததும் தருகிறோம் என்று கைமாற்று. கப்பல் வந்துகொண்டிருந்தவரை பிழை இல்லை. 1780 டிசம்பரில் ஆங்கிலேயர்கள் டச்சுக்காரர்கள்மேல் போர் தொடுத்தார்கள். 1781இல் சதுரங்கப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1782 பிப்ரவரி 17 அன்று இந்தக் கடலில், ஆங்கிலத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனின் கப்பல்களும் மோதிக்கொண்டன; கடற்போர் வரலாற்றில் அதற்கு இந்த ஊர்ப் பெயர்தான். கம்பெனியின் கப்பல் போக்குவரத்து குலைந்தது. கடன் திரும்பவில்லை, புதுக் கடன் கேட்டார்கள். வங்கி பேரேட்டில் எழுதிக் கொடுத்தது. உலோகம் வராமல் பணம் மட்டும் பெருகியது.

வணிகர்களுக்கு மோப்பம் பிடிக்கத் தெரியும். 1790இல் அந்தக் கூடுதல் விலை மறைந்து கழிவாக மாறியது. ஐரோப்பாவிலேயே உயர்ந்த பணமாக ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் நின்றதன்மேல் சந்தை வட்டம் பிடிக்கத் தொடங்கியது. கம்பெனி 1799இன் கடைசி நாளோடு முடிந்தது. வங்கியும் 1820 வாக்கில் மூடப்பட்டுக் கணக்கு முடிக்கப்பட்டது. 1824 உடன்படிக்கைப்படி சதுரங்கப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்கு நிரந்தரமாகப் போனது. இந்தச் சின்னக் கிளை ஆம்ஸ்டர்டாம் வங்கியைக் கவிழ்த்தது என்று ஊர்ப்பெருமைக்காகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பேரேட்டில் எழுதிய பணம் எந்த மாதிரிக் கோட்டைகளைத் தாங்கிப் பிடிக்கப் போனது என்று கேட்டால், இதோ ஒன்று நிற்கிறது.

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். காசு ஒன்று, வாக்குச் சுத்தம் ஒன்று. இரண்டாவது போனால் முதலாவது நிற்காது என்று ஆம்ஸ்டர்டாம் வணிகர்களுக்கு யாரும் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

*

மறைவாகக் கொடுத்த கடன் டச்சுக்காரர்கள் கதை. நாம் அதையே ஒப்பந்தம் போட்டுச் செய்தோம். 1955இல் மத்திய அரசும் ரிசர்வ் வங்கியும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன: அரசின் கணக்கில் இருப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், அரசு எழுதித் தரும் கருவூல உண்டியலை வாங்கிக்கொண்டு ரிசர்வ் வங்கி கணக்கை நிரப்பிவிட வேண்டும். யாரும் கேட்க வேண்டியதில்லை, தானாக நடக்கும். தற்காலிகத் தேவைக்கு என்றுதான் பெயர். நாற்பது ஆண்டு ஓடியது. அரசு செலவு செய்யச் செய்யப் புதுப் பணம் பிறந்துகொண்டே இருந்தால், வட்டியைக் கூட்டிப் பணத்தைக் கட்டுப்படுத்துவது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற வேலை. தமிழ்நாட்டுக்காரரான சி. ரங்கராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது, 1994 செப்டம்பரில் அதற்கு முடிவு கட்ட நிதியமைச்சகத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. 1997 ஏப்ரலோடு அந்த ஏற்பாடு ஒழிந்தது. பொருளாதாரச் சீர்திருத்தம் என்றால் 1991ஐப் பற்றித்தான் பேசுகிறோம். விலைவாசியைப் பொறுத்தவரை, இந்த ஓசையில்லாத கையெழுத்து அதற்குச் சளைத்தது இல்லை என்பது என் எண்ணம்.

கோட்டை வாசல் அடைபட்டது. இனி வட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம்.

முதலில் ஒரு தவறான படத்தை மனத்திலிருந்து அழிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி நோட்டு அடிக்கிறது, அதுதான் பணம் என்று நினைக்கிறோம். பக்கத்து ஊரான புதுப்பட்டினத்தில் ஒருவர் வீடு கட்ட வங்கியில் 20 லட்சம் கடன் வாங்குகிறார் என்று வையுங்கள். நோட்டுக் கட்டு எதுவும் நகர்வதில்லை. கட்டடக் காண்ட்ராக்டரின் கணக்கில் 20 லட்சம் வரவு எழுதப்படுகிறது. ஒரு நிமிடம் முன்பு இல்லாத பணம் இப்போது இருக்கிறது. நாட்டின் பணத்தில் பெரும்பகுதி இப்படி, வங்கி கடன் கொடுக்கும் அந்த நொடியில்தான் பிறக்கிறது. ஆகவே பணம் பெருகும் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால், அச்சு இயந்திரத்தை நிறுத்திப் பயனில்லை. கடனின் விலையை உயர்த்த வேண்டும்.

கடனின் விலையை ரிசர்வ் வங்கி எங்கே பிடிக்கிறது? ஒவ்வொரு வங்கியும் தன் வைப்புத் தொகையில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கியில் ரொக்கமாக வைத்திருக்க வேண்டும். வங்கிகள் ஒன்றுக்கொன்று தர வேண்டியதைத் தீர்ப்பதும் அந்தக் கணக்கில்தான். நாள் முடிவில் ஒரு வங்கிக்குக் கையிருப்பு குறையும், இன்னொன்றுக்கு மிஞ்சும். குறைந்த வங்கி, தன்னிடமுள்ள அரசுக் கடன்பத்திரங்களை ரிசர்வ் வங்கியிடம் கொடுத்து, மறுநாளே மீட்டுக்கொள்கிறேன் என்று பணம் வாங்கலாம். அடகுக்கடை வேலைதான். பத்திரம் நகை, ரிசர்வ் வங்கி சேட்டுக் கடை. அந்த அடகு வட்டிக்குத்தான் ரெப்போ என்று பெயர். மிஞ்சிய வங்கி, ரெப்போவைவிடக் கால் சதவீதம் குறைந்த வட்டிக்கு ரிசர்வ் வங்கியிடமே பணத்தைப் போட்டு வைக்கலாம். மிகவும் முட்டுப்பட்ட வங்கி கால் சதவீதம் கூடுதல் கொடுத்து வாங்கலாம். கீழே ஒரு தரை, மேலே ஒரு கூரை. தரையைவிடக் குறைவுக்குப் பக்கத்து வங்கிக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள், கூரைக்கு மேலே யாரும் வாங்க மாட்டார்கள். ஒரே ஒரு இரவுக்கான வட்டி இப்படி ரிசர்வ் வங்கியின் பிடிக்குள் வந்துவிடுகிறது. மற்ற வட்டிகள் அதன்மேல் அடுக்கப்பட்டவை.

முன்பெல்லாம் இந்த அடுக்கு ஒட்டாமல் ஆடும். ரெப்போ குறைந்தாலும் வங்கிகள் கடன் வட்டியைக் குறைக்க மாட்டா; கூடினால் மறுநாளே கூட்டிவிடும். 2019 அக்டோபர் 1 முதல், புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களையும் சிறுதொழில் கடன்களையும் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டிப்போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பெரும்பாலான வங்கிகள் ரெப்போவையே பிடித்துக்கொண்டன.

அந்தக் கட்டு என்ன செய்யும் என்பதை 2022 காட்டியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. கச்சா எண்ணெய், சமையல் எண்ணெய், கோதுமை எல்லாம் ஏறின. ஏப்ரல் மாதப் பணவீக்கம் 7.79 சதவீதம். சட்டப்படி ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதம். மேலே கீழே இரண்டு சதவீதம் போகலாம். உர்ஜித் படேல் தலைமையிலான குழு 2014இல் பரிந்துரைத்து, 2016இல் சட்டத் திருத்தமாக வந்த ஏற்பாடு இது. வட்டியைத் தீர்மானிக்க ரிசர்வ் வங்கியிலிருந்து மூவர், வெளியிலிருந்து மூவர். வாக்கு சமமானால் ஆளுநருக்கு இன்னொரு வாக்கு. அந்த ஆறு பேர் 2022 மே 4 அன்று, அட்டவணையில் இல்லாத ஒரு கூட்டம் கூட்டி ரெப்போவை 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆக்கினார்கள். பிறகு ஜூனில் 4.90, ஆகஸ்டில் 5.40, செப்டம்பரில் 5.90, டிசம்பரில் 6.25, 2023 பிப்ரவரியில் 6.50. பத்து மாதத்துக்குள் இரண்டரை சதவீதம்.

புதுப்பட்டினத்துக்காரரின் 20 லட்சத்துக்குத் திரும்புவோம். 20 ஆண்டுக் கடன், 6.5 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 14,911 ரூபாய். வட்டி 9 ஆனால் 17,995. மாதம் 3,084 ரூபாய் கூடுதல். தவணையைக் கூட்டாமல் ஆண்டுகளை நீட்டிவிடலாமே என்று தோன்றும். வங்கிகள் அதைத்தான் செய்தன. ஆனால் 20 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் மாத வட்டி மட்டுமே 15,000. பழைய தவணை வட்டிக்கே போதாது. கட்டக் கட்டக் கடன் வளரும். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, இப்படிக் கடன் வளர விடக் கூடாது, தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என்று வங்கிகளுக்குச் சொன்னது.

அந்த 3,084 ரூபாய்தான் மருந்து. அவர் வண்டி வாங்குவதைத் தள்ளிப்போடுவார். இன்னொருவர் வீடு கட்டுவதையே தள்ளிப்போடுவார். சிமென்ட் கடையில் கூட்டம் குறையும். விலையைக் கூட்ட நினைத்த கடைக்காரர் ஒரு மாதம் பொறுப்போம் என்பார். கேட்க ஒழுங்காக இருக்கிறது. நடுவில் ஒரு கொத்தனாருக்கு வேலை போகிறது. இது பக்கவிளைவு என்று பாடநூல்கள் சொல்லும். எனக்கு அதில் உடன்பாடில்லை. மருந்து வேலை செய்யும் வழியே அதுதான். அமெரிக்காவில் பால் வோல்க்கர் 1980 வாக்கில் வட்டியை 20 சதவீதம்வரை கொண்டுபோனபோது, வேலையிழந்த வீடு கட்டுவோர் விற்காமல் கிடந்த மரத்துண்டுகளைத் தபாலில் மத்திய வங்கிக்கு அனுப்பினார்கள். பணவீக்கம் அடங்கியது. வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டது.

இந்த மருந்து குப்பத்துக்கு வரும் வழி வேறு. அங்கே அவசரக் கடன் என்றால் தண்டல். பத்தாயிரம் என்று பேச்சு. ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் தருவார்கள். நாளுக்கு நூறாக நூறு நாள் கட்ட வேண்டும். கேட்பதற்குப் பத்து சதவீதம்போல் இருக்கும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஆண்டுக்கு 75 சதவீதத்துக்கும் மேல். 'ரெண்டு வட்டி' என்று சாதாரணமாகச் சொல்வது மாதம் நூற்றுக்கு இரண்டு, ஆண்டுக்கு 24. ரெப்போ கால் சதவீதம் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, தண்டல்காரர் நோட்டில் ஒரு எழுத்து மாறாது. வீடு கட்டும் வேலை குறைந்து, மீன் வாங்க வருகிறவர் கை இறுகுவதன் மூலம்தான் மும்பையின் முடிவு இந்த மணலுக்கு வந்து சேருகிறது. வலி வரும், வட்டிக் குறைப்பின் சுகம் வராது. வங்கியில் நகைக்கடன் வாங்க வழியுள்ளவர்கள் கொஞ்சம் தப்பிக்கிறார்கள்.

*

போருக்கும் கச்சா எண்ணெய்க்கும் வட்டி என்ன செய்யும் என்று 2022இல் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ரெப்போவைக் கூட்டினால் ஒரு பீப்பாய் எண்ணெய் அதிகமாக ஊறாது. பதிலுக்கு 2023ஐப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு ஜூலையில் தக்காளி விலை நாட்டையே கலக்கியது. தமிழ்நாடு அரசு சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அந்த மாதப் பணவீக்கம் 7.44 சதவீதம், 2022 ஏப்ரல் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆகஸ்டில் அந்த ஆறு பேர் கூடினார்கள். ரெப்போவைத் தொடவில்லை. 6.50இலேயே விட்டார்கள். அக்டோபரில் பணவீக்கம் 4.87 ஆகிவிட்டது. தக்காளி மூன்று மாதப் பயிர்; விலையைப் பார்த்து எல்லாரும் நடுவார்கள், வரத்து வரும், விலை விழும். வட்டி உயர்வு பொருளாதாரத்துக்குள் இறங்கி வேலை செய்ய முக்கால் ஆண்டு, ஓராண்டு, அதற்கும் மேல் ஆகும். தக்காளிக்காக வட்டியைக் கூட்டினால், மருந்து உடம்பில் ஏறும்போது காய்ச்சல் போய்ப் பல மாதம் ஆகியிருக்கும். போட்டு இறங்கினால் விலை இறங்கும் என்று கூடைக்காரம்மா சொன்னதைத்தான் ஆறு பேரும் தங்கள் மொழியில் சொன்னார்கள்.

அப்படியானால் 2022இல் ஏன் பொறுக்கவில்லை? போட்டு எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. டீசல் ஏறினால் வாடகை வண்டி ஏறும், ஐஸ் ஏறும், கூலி ஏறும்; ஒவ்வொருவரும் அடுத்த ஏற்றத்தை முன்கூட்டியே தம் விலையில் சேர்க்கத் தொடங்குவார்கள். அந்த எதிர்பார்ப்பு ஊன்றிவிட்டால், போர் நின்ற பிறகும் விலை ஏறிக்கொண்டே இருக்கும். மத்திய வங்கி அஞ்சுவது முதல் ஏற்றத்துக்கு இல்லை. அதைப் பார்த்து மக்கள் மனத்தில் விழும் இரண்டாம் கணக்குக்கு. அதனால்தான் ரிசர்வ் வங்கி சென்னை உட்பட்ட நகரங்களில் வீடு வீடாகக் கேட்டு, இன்னும் மூன்று மாதத்தில், ஓராண்டில் விலை எவ்வளவு ஏறும் என்று நினைக்கிறீர்கள் என்று பதில் வாங்குகிறது. மக்கள் நினைப்பதே பாதி பணவீக்கம்.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். 2012ஐ அடிப்படையாகக் கொண்ட விலைக் குறியீட்டில், உணவுக்கும் பானங்களுக்கும் 45.86 சதவீத எடை இருந்தது. மழையும் வெயிலும் தீர்மானிக்கிற பொருள்கள் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அவற்றை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் இலக்காக்கலாம் என்று சில பொருளியலாளர்கள் வாதாடுகிறார்கள். எனக்குச் சம்மதம் இல்லை. கூடைக்காரம்மாவிடம் போய், அரிசியையும் தக்காளியையும் கழித்துவிட்டால் விலைவாசி அடங்கித்தான் இருக்கிறது என்று சொல்லும் மத்திய வங்கியை அவர் அடுத்த முறை நம்ப மாட்டார். நம்பிக்கைதான் இந்தத் தொழிலின் முதல்.

அந்த நம்பிக்கை விஷயத்தில் 2022இல் நமக்கு ஒரு சறுக்கலும் உண்டு. தொடர்ந்து மூன்று காலாண்டு பணவீக்கம் 6 சதவீதத்தைத் தாண்டினால், ஏன் தவறினோம் என்று ரிசர்வ் வங்கி அரசுக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்கிறது சட்டம். அப்படியே தாண்டியது. நவம்பர் 3 அன்று சிறப்புக் கூட்டம் கூட்டி அறிக்கை தயாரித்தார்கள், அரசுக்கு அனுப்பினார்கள், மக்களுக்குக் காட்டவில்லை. இங்கிலாந்து வங்கி இலக்கிலிருந்து ஒரு சதவீதத்துக்கு மேல் விலகினால் அதன் ஆளுநர் நிதியமைச்சருக்கு எழுதும் கடிதம் பொதுவெளியில் வெளியாகிறது. நம் அறிக்கையும் அப்படி வந்திருக்க வேண்டும். பேரேட்டைப் பூட்டி வைத்த வங்கியின் கதை இந்த அத்தியாயத்திலேயே இருக்கிறது.

அரசின் செலவுக்குப் பேரேடு திறந்துபோனால் எப்படி இருக்கும் என்பதை அதே 2022இல் பக்கத்துக் கடல் காட்டியது. இலங்கையில் வரிகளைக் குறைத்துவிட்டு, பற்றாக்குறைக்கு மத்திய வங்கியே அரசின் கருவூல உண்டியல்களை வாங்கிப் புதுப் பணம் கொடுத்தது. டாலருக்கு 200 ரூபாய் அளவில் செயற்கையாகப் பிடித்து வைத்திருந்த மாற்று விகிதத்தை மார்ச்சில் விட்டார்கள். மே மாதத்தில் 360ஐ ஒட்டிப் போனது. மார்ச் கடைசியிலேயே அரிசியும் பால்மாவும் வாங்க வழியில்லாமல் தமிழ்க் குடும்பங்கள் படகேறித் தனுஷ்கோடி மணல்திட்டுகளுக்கு வந்துசேர்ந்தன. ஏப்ரல் 8 அன்று, புதிதாகப் பொறுப்பேற்ற ஆளுநர் நந்தலால் வீரசிங்க ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி உயர்த்தினார். ரிசர்வ் வங்கி பத்து மாதத்தில் செய்ததன் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, ஒரே அறிவிப்பில். அப்படியும் கொழும்பு விலைக் குறியீட்டின்படி பணவீக்கம் செப்டம்பரில் 69.8 சதவீதம்வரை ஏறித்தான் நின்றது. ஓராண்டு கழித்து, 2023 செப்டம்பரில், 1.3.

இறங்கியது என்றால் பழைய விலை திரும்பியது என்று பொருள் இல்லை. மேலே ஏறிய இடத்தில் நின்றது, அவ்வளவுதான். இடையில் வறுமை இரட்டிப்பானதாக உலக வங்கி கணக்கிட்டது. 2023இல் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய மத்திய வங்கிச் சட்டம், மத்திய வங்கி அரசுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதைத் தடுக்கிறது. ஆம்ஸ்டர்டாம் 1790இல் கண்டதும், நாம் 1994இல் கையெழுத்திட்டதும் அங்கே அவ்வளவு விலை கொடுத்த பிறகு சட்டமானது.

நம் பக்கம் 2025இல் காற்று திரும்பியது. உணவு விலை விழுந்து, அக்டோபரில் பணவீக்கம் 0.25 சதவீதம். அந்த ஆண்டு பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என நான்கு முறை குறைத்து ரெப்போவை 6.50இலிருந்து 5.25க்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றேகால் சதவீதம். ரெப்போவோடு கட்டிய கடனின் வட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது திருத்த வேண்டும் என்பது விதி.

உங்களுக்கு வீட்டுக் கடன் இருந்தால், இந்தப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் கடைசி வட்டிக் கணக்குத் தாளை எடுத்துப் பாருங்கள். 2022இல் ஏறிய இரண்டரை எந்த மாதம் உங்கள் கணக்கில் விழுந்தது, 2025இல் இறங்கிய ஒன்றேகால் எந்த மாதம் விழுந்தது என்று இரண்டு தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். ஏறியது உடனே வந்து, இறங்கியது தாமதமாக வந்திருந்தால், அல்லது வராமலே இருந்தால், உங்கள் கடன் இன்னும் பழைய முறை வட்டியில் கிடக்கிறதா என்று வங்கிக் கிளையில் கேளுங்கள். புதிய முறைக்கு மாற்றிக்கொள்ள எழுதிக் கொடுக்கலாம்.